தெருவின் நலம் காக்கும் சங்கம்

ஒரு வீட்டின் நலம் அவ்வீட்டின் சுவர்களுக்குள் அடங்கிவிடுவதில்லை. அடுப்பங்கரையைத் துலக்கி, முற்றத்தைப் பெருக்கி, வாயிலில் கோலமிட்டு ஓர் இல்லத்தைத் தூய்மையாக வைத்திருத்தல் கூடும். ஆயினும், தெருவில் சாக்கடை வழிந்தோடுமாயின் அவ்வீட்டுக் குழந்தையும் நோய்க்கு ஆளாகும். குழாயில் வரும் குடிநீர், இரவில் ஒளிதரும் தெருவிளக்கு, மழைநீர் வடிந்தோடும் கால்வாய், குப்பையை அகற்றும் வண்டி ஆகிய இவற்றுள் எதனையும் ஒரு குடும்பம் தனித்து நின்று அமைத்துக்கொள்ள இயலாது. பலர் கூடிப் பெறவேண்டிய நன்மைகள் இவை. இவற்றைப் பெறுவதற்காக ஒரு தெருவில் வாழ்வோர் தாமே கூடி அமைத்துக்கொள்ளும் அமைப்பே குடியிருப்போர் நலச் சங்கம் எனப்படும்.

இத்தகைய சங்கங்களின் தேவையை உணர்வதற்கு வடசென்னையைவிடச் சிறந்த இடம் வேறில்லை. அங்கே, பேசின் பாலத்திற்கும் பழைய வண்ணாரப்பேட்டைக்கும் அண்மையில் மூலக்கொத்தளம் என்னும் பகுதி அமைந்துள்ளது. கொத்தளம் என்பது கோட்டை மதிலில் பகைவரை எதிர்த்து நிற்பதற்காகப் புறந்தள்ளிக் கட்டப்பெறும் உறுப்பாகும். மதிலின் மூலையில் நின்ற கொத்தளமே பின்னர் ஊருக்குப் பெயராயிற்று என்பர். இன்று மதிலும் இல்லை, கொத்தளமும் இல்லை. பெயர் மட்டும் நிலைத்துள்ளது. ஆனால், அப்பெயருக்குப் பின்னால் நிற்கும் வரலாறு, பொது நன்மைக்கான செலவை யார் ஏற்பது, யார் அதனை முடிவு செய்வது என்னும் பழைய வினாவை நினைவூட்டுகின்றது.

1758-ஆம் ஆண்டின் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி இலாலி சென்னையை முற்றுகையிட்டான். 1769-இல் மைசூர் வேந்தர் ஐதர் அலியின் படை சென்னையின் வாயில்வரை வந்தது. இவற்றால் அச்சமுற்ற கிழக்கிந்தியக் கும்பினியார், கோட்டைக்கு வடக்கே மக்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தைச் சுற்றி வலிய மதில் ஒன்றை எழுப்பினர். அம்மதிலுக்கான செலவை ஈடுசெய்ய மக்கள்மீது வரி விதிக்கவும் கருதினர். அவ்வரி முறையாகத் தண்டப்பெறவில்லை என்பர். எனினும் அதன் நினைவாக ‘வால்டாக்ஸ் சாலை’ என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது. அதற்கு முன்பே, 1688-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி நிறுவப்பெற்றது. நகரத்தாரில் சிலரையும் உறுப்பினராக்கினால், ஊர்ப்பணிகளுக்கான வரியை மக்கள் மனமுவந்து செலுத்துவர் என்பது கும்பினியாரின் எண்ணம். ஆனால் மக்கள் எளிதில் இணங்கவில்லை. தம் பணம் எவ்வழியிற் செலவாகின்றது என்று அறியாத மக்கள், வரி செலுத்தத் தயங்குவது இயல்பேயன்றோ? கணக்கும் கருத்துரிமையும் இல்லாத இடத்தில் கூட்டுறவு தழைப்பதில்லை என்னும் உண்மை இதனால் விளங்கும்.

நகரம் நாளடைவில் வளர்ந்தது. 1772-இல் ஏழு கிணறு நீர்நிலையம் கோட்டைக்கு நீர் வழங்கத் தொடங்கியது. 1856-இல் இராயபுரத்தினின்று முதல் புகைவண்டி புறப்பட்டது. 1875-இல் செயற்கைத் துறைமுகம் அமைக்கும் பணி தொடங்கியது. ஆலைகளும் பட்டறைகளும் பெருகின. வேலை நாடி வந்தோர் துறைமுகத்தை அடுத்தும், இருப்புப்பாதையை அடுத்தும், பக்கிங்காம் கால்வாய்க் கரையிலும் குடியமர்ந்தனர். நகரத்திற்குச் செல்வம் ஈட்டித் தந்த அவர்களுக்கு, நகரத்தின் வசதிகள் விரைந்து வந்து சேரவில்லை. குறுகிய தெருக்களில் நெருங்கிய வீடுகள், பழுதடைந்த குழாய்கள், மழைக்காலத்தில் தேங்கும் வெள்ளம் ஆகியவை அவர்தம் அன்றாட வாழ்வாயின.

எனினும், கூடிச் செயலாற்றும் பண்பு வடசென்னைக்குப் புதிதன்று. 1918-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் பெரம்பூர்ப் பகுதியில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அது போற்றப்படுகின்றது. திரு. வி. கலியாணசுந்தரனார் அதன் தொண்டில் முன்னின்றார். ஆலையில் உழைப்போர் கூடித் தம் உரிமையைக் கேட்கக் கற்றது போலவே, தெருவில் வாழ்வோரும் கூடித் தம் தேவையைக் கேட்கக் கற்றனர். முன்னது உழைப்பிடத்தின் சங்கம். பின்னது வாழ்விடத்தின் சங்கம்.

இனி, குடியிருப்போர் சங்கம் ஒன்று செயற்படும் முறையை நோக்குதல் தகும். ஒரு தெருவில் குறை நேர்ந்தால், அதனைத் தீர்க்கும் பொறுப்பு யாருடையது என்பதை அறிவதே முதற்பணி. சென்னையில் குடிநீர் வழங்குதலும் கழிவுநீரை அகற்றுதலும், 1978-இல் நிறுவப்பெற்ற சென்னைக் குடிநீர் வாரியத்தின் பணிகளாகும். மழைநீர் வடிகால், தெருவிளக்கு, குப்பை அகற்றுதல், உட்புறச் சாலைகள் ஆகியவை மாநகராட்சியைச் சார்ந்தவை. மின்சாரம் மின்வாரியத்தையும், பேருந்து போக்குவரத்துக் கழகத்தையும், நியாயவிலைக் கடை உணவு வழங்கல் துறையையும் சார்ந்தவை. மழைநீர்க் கால்வாயில் கழிவுநீர் கலந்து வழிகின்றது என்று வைத்துக்கொள்ளலாம். கால்வாய் மாநகராட்சியுடையது, அதில் கலந்த கழிவுநீரோ குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. தனி ஒருவர் முறையிடச் சென்றால், இரு அலுவலகங்களுக்கும் மாறி மாறி நடக்க நேரும். சங்கமோ இரு துறையினரையும் ஒரே நாளில் ஒரே இடத்திற்கு அழைத்து, குறையைக் கண்ணாரக் காணச் செய்ய வல்லது.

குறையைச் சொல்லும் முறையும் இன்றியமையாதது. “எங்கள் தெருவில் தண்ணீர் சரியில்லை” என்று வாயாற் கூறுவதனால் பயன் சிறிதே. எந்த நாள் முதல், எத்தனையாவது கதவிலக்கம் வரை, எந்நேரத்தில், எந்நிறத்தில் நீர் வருகின்றது என்று குறித்து எழுதிக் கொடுத்தல் வேண்டும். கொடுத்த முறையீட்டிற்கு எண்ணும் நாளும் பெற்று ஏட்டிற் பதிந்துகொள்ளல் வேண்டும். மாநகராட்சி 1913 என்னும் தொலைபேசி எண் வழியாகவும் முறையீடுகளைப் பெற்றுவருகின்றது. உரிய காலத்தில் விடை கிடைக்கவில்லையெனில், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் துணை நிற்கும். 10 ரூபாய் கட்டணத்துடன் எழுதி விடுக்கும் வினாவிற்கு, அலுவலகத்தார் பொதுவாக 30 நாள்களுக்குள் விடையளித்தல் வேண்டும். சாலை அமைக்க ஒதுக்கிய தொகை எவ்வளவு, பணி முடியவேண்டிய நாள் யாது என்றெல்லாம் இதனால் அறியலாம். சினமுற்றுக் கூச்சலிடுவோரைக் காட்டிலும், ஏடும் நாளும் காட்டி அமைதியாக வினவுவோர்க்கு மறுமொழி கூறாதிருத்தல் அரிது.

குறைகளின் காரணத்தை அறிவதும் சங்கத்தின் கடமையாகும். குடிநீரில் துர்நாற்றம் வீசுவதைச் சான்றாகக் கொள்ளலாம். பல தெருக்களில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் மண்ணுக்கடியில் அருகருகே செல்கின்றன. நாள் முழுவதும் நீர் ஓடுமாயின், குழாயினுள் உள்ள அழுத்தம் புறத்தேயுள்ள அழுக்கினை உள்ளே புகவிடாது. ஒரு நாளிற் சில மணி நேரமே நீர் விடப்படும்போது, எஞ்சிய நேரத்தில் குழாய் வெறுமையாகி, அழுத்தம் குன்றுகின்றது. அப்பொழுது பழைய குழாயின் வெடிப்புகள் வழியே கழிவுநீர் உள்ளே கசிகின்றது. மறுமுறை நீர் திறந்தவுடன் அவ்வழுக்கே முதலில் வீடுகளை அடைகின்றது.

இங்கே அயலாரை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது. தெருக்குழாயிலிருந்து வரும் இணைப்பில் நேரே மின்னியக்கியைப் பொருத்தி நீரை உறிஞ்சுவோர் சிலர் உளர். அவர் வீட்டுத் தொட்டி நிரம்பும்; தெருவின் கடைக்கோடியில் உள்ள வீட்டிற்கோ ஒரு குடமும் கிடைக்காது. அன்றியும், வலிந்து உறிஞ்சுவதனால் குழாயினுள் வெறுமை மிகுந்து, கழிவுநீர் முன்னிலும் விரைவாகப் புகும். ஆகவே, தண்ணீருக்காக வாரியத்திடம் முறையிடும் சங்கம், தன் உறுப்பினரிடத்தும் அறத்தை எடுத்துரைக்க வேண்டியதாகின்றது. அலுவலரிடம் உரத்துப் பேசுவது எளிது. அடுத்த வீட்டாரிடம், “உங்கள் மோட்டாரை நிறுத்துங்கள்” என்று அன்புடன் கூறி இணங்கச் செய்வதே அரிது. அதனைச் செய்யும் துணிவுள்ள சங்கமே உண்மையான நலச் சங்கமாகும். அத்துணிவு இல்லாத சங்கம், வலியவரின் தொட்டிக்குக் காவலாக முடியும்.

சங்கத்தை அமைப்பதற்கும் விதிகள் உண்டு. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி, குறைந்தது எழுவர் கூடிக் கையொப்பமிட்டுத் தம் நோக்கத்தையும் துணைவிதிகளையும் பதிவு செய்துகொள்ளலாம். தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோரை உறுப்பினர் தேர்ந்தெடுப்பர். ஆண்டுக்கொரு முறை பொதுக்குழு கூட்டி, வரவு செலவுக் கணக்கைப் படித்தல் வேண்டும். இக்கட்டுப்பாடு தமிழர்க்குப் புதியதன்று. காஞ்சிபுரத்திற்கு அண்மையிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய அவை, ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, குடவோலை முறையால் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுத்ததைக் கூறுகின்றன. ஏரியைக் காக்க ஏரி வாரியம், தோட்டங்களைப் பேணத் தோட்ட வாரியம் எனப் பணிக்கேற்ற வாரியங்கள் இருந்தன. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பெறுதல் இல்லை. அவர்தம் உறவினர்க்கும் அத்தடை உண்டு. ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் இவ்விதி போற்றத்தக்கதாய் நிற்கின்றது. ஆயினும், அன்று நிலமும் சொந்த மனையில் வீடும் கல்வியும் உடையோரே உறுப்பினராக முடிந்தது. உடைமையற்றோர் குரல் அவையில் ஒலிக்கவில்லை. இக்குறையை இக்காலச் சங்கங்கள் களைதல் வேண்டும். ‘வீட்டு உரிமையாளர் சங்கம்’ என்னாது ‘குடியிருப்போர் சங்கம்’ என்று பெயரிடுவதன் பொருள் இதுவேயாகும். வாடகைக்கு வாழ்பவரும், ஒற்றை அறையில் வாழ்பவரும் அத்தெருவின் குடிகளே. கழிவுநீர் கலந்த குடிநீரை அவர்தம் குழந்தைகளும் பருகுகின்றனர்.

சென்னையில் இவ்வியக்கம் பரவுவதற்கு எக்ஸ்னோரா என்னும் அமைப்பு பெருந்துணை புரிந்தது. 1989-ஆம் ஆண்டில் எம். பி. நிர்மல் என்பவர் அதனைத் தொடங்கினார். அந்நாளில் தெருமுனைக் குப்பைத்தொட்டிகள் நிரம்பி வழிந்தன. ஒரு தெருவிலுள்ள குடும்பங்கள் ஒன்றுகூடி, மாதந்தோறும் சிறுதொகை செலுத்தி, மிதிவண்டி வண்டியுடன் ஒருவரைப் பணியமர்த்தி, வீடுதோறும் குப்பையைப் பெறச் செய்தன. அப்பணியாளரைக் குப்பைக்காரர் என்று இழித்துக் கூறாமல், ‘தெருவை அழகு செய்பவர்’ என்று மதிப்புடன் அழைத்தனர். ஒரு பெயர் மாற்றத்தால் மட்டும் அவர் வாழ்வு உயர்ந்துவிடாது எனினும், தொழிலை இழிவாகக் கருதும் மனப்பான்மைக்கு எதிரான முதற்படியாக அது அமைந்தது. பின்னாளில் வீடுதோறும் குப்பை பெறும் முறையை மாநகராட்சியே மேற்கொண்டது. மக்கள் தம் முயற்சியால் செய்துகாட்டிய நற்செயல், நாளடைவில் ஆட்சியின் முறையாக மாறுதலும் உண்டு என்பதற்கு இது சான்றாகும்.

ஒரு தெருவின் சங்கத்தால் ஆகாத செயல்களும் உள. அவற்றிற்காகப் பல சங்கங்கள் இணைந்து கூட்டமைப்பாகச் செயற்படும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாளப்பட்ட காலத்தில், இராயபுரம் முதலிய இடங்களில் கரும்புழுதி வீடுகளில் படிந்தது. காயவைத்த துணியும் மூடிவைத்த உணவும் அதற்குத் தப்பவில்லை. மக்கள் நெடுங்காலம் முறையிட்டனர். 2011-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கு அவற்றைக் கையாளுதலைத் தடுத்தது. நிலக்கரிப் பணி எண்ணூர்த் துறைமுகத்திற்கு மாறியது. இராயபுரத்தார் ஓரளவு மூச்சுவிட்டனர். ஆனால் எண்ணூர் வாழ்நரோ அனல்மின் நிலையங்களின் புகையாலும் சாம்பலாலும் முன்னரே துன்புற்றவர் ஆவர். ஓரிடத்துச் சுமையை மற்றோரிடத்தில் இறக்கி வைப்பது சுமையைக் குறைப்பது ஆகாது. இவ்வுண்மையை உணர்ந்து, அண்டைப் பகுதியின் நலத்தையும் தம் நலமாகக் கருதுவதே கூட்டமைப்பின் பயனாகும்.

மெட்ரோ இருப்புப்பாதை முதற்கண் வண்ணாரப்பேட்டையோடு நிற்பதாகவே திட்டமிடப்பெற்றது. அதனைத் திருவொற்றியூர் வரை நீட்டித்தல் வேண்டும் என்று வடசென்னை மக்கள் வற்புறுத்திவந்தனர். நீட்டிப்பிற்கு ஒப்புதல் கிடைத்து, ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளமுள்ள விம்கோ நகர் வழித்தடம் 2021-ஆம் ஆண்டு பிப்பிரவரி 14-ஆம் நாள் திறக்கப்பெற்றது. மற்றொரு சிக்கல் கொடுங்கையூர்க் குப்பைமேடாகும். ஏறத்தாழ 340 ஏக்கர் பரப்புள்ள அவ்விடத்தில் பல்லாண்டுகளாக நகரத்தின் குப்பை குவிந்துவந்தது. சென்னையில் நாள்தோறும் 5,000 டன்னுக்கும் மேற்பட்ட குப்பை சேர்வதால், அதனை எரித்து மின்சாரம் ஆக்கும் நிலையம் அமைக்க மாநகராட்சி திட்டமிட்டது. எரிப்பதனால் எழும் புகை தம் பகுதியின் காற்றை மேலும் கெடுக்கும் என்று அஞ்சிய வடசென்னைக் குடியிருப்போர் நலச் சங்கங்களின் கூட்டமைப்பினர், 2025-ஆம் ஆண்டில் மனிதச் சங்கிலியாக நின்று தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர். குப்பையைச் சேரும் இடத்திலேயே பிரித்து, மட்குவதை உரமாக்கினால் எரிக்கவேண்டிய தேவை குறையும் என்பது அவர்தம் வாதம். இவ்வாதம் வெல்ல வேண்டுமாயின், நகரத்தின் ஒவ்வொரு வீடும் குப்பையைப் பிரித்து வைத்தல் வேண்டும். தென்சென்னையில் உள்ள சமையலறை ஒன்றில் பிரிக்கப்படாத குப்பையும் வடசென்னையின் காற்றோடு தொடர்புடையதாகின்றது.

சில வேளைகளில் இரு நியாயங்கள் ஒன்றோடொன்று மோதுவதும் உண்டு. மூலக்கொத்தளத்தில் பழமையான இடுகாடு ஒன்று உள்ளது. 1939-ஆம் ஆண்டு, கட்டாய இந்தி எதிர்ப்பில் சிறைப்பட்டு உயிர்நீத்த நடராசன், தாளமுத்து ஆகியோரின் நினைவிடம் அங்கே இருக்கின்றது. 2018-ஆம் ஆண்டளவில், இடுகாட்டு நிலத்தின் ஒரு பகுதியில் எளியோர்க்கு அடுக்குமாடி வீடுகள் கட்ட அரசு வாரியம் முற்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. நீத்தார் நினைவைக் காத்தல் வேண்டும் என்றனர் ஒரு சாரார். வீடற்றோர்க்கு அவர்கள் பிழைக்கும் இடத்திற்கு அருகிலேயே வீடு வேண்டும் என்பதும் மறுக்கவொண்ணாத உண்மையே. பின்னர் அங்கு வீடுகள் எழுந்தன, நினைவிடமும் நிலைபெற்றுள்ளது. இத்தகைய சிக்கல்களில் ஒரு பக்கத்தார் குரலை மட்டும் கேட்டு முடிவு செய்தல் தீங்காகும். எல்லாரும் கூடி அமர்ந்து பேசுவதற்கோர் அவை தேவை.

அத்தகைய அவைக்குச் சட்டமும் இடமளித்துள்ளது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசமைப்புத் திருத்தம், மூன்று இலட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகையுள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் அமைய வழிவகுத்தது. தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டு வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றிற்கான விதிகள் வகுக்கப்பெற்றன. அவ்வாண்டு நவம்பர் முதல் நாளன்று நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடைபெற்றன. சிற்றூர்களில் கிராம சபை இருப்பது போல, நகரத்தார்க்கு இது வாய்த்துள்ளது. சங்கம் தானே சேர்ந்தோரின் அமைப்பு. பகுதி சபையோ அங்கு வாழும் வாக்காளர் அனைவர்க்கும் உரியது. ஆகவே, சங்கம் தேர்தலால் அமைந்த மன்றத்தின் இடத்தைப் பற்றிக்கொள்ள முயலாது, அம்மன்றம் செவ்வனே நடக்கத் துணை நிற்றல் வேண்டும். கட்சி வேறுபாடும் சாதி வேறுபாடும் சங்கத்தின் வாயிலைக் கடந்து உள்ளே வருதல் ஆகாது.

மாணவர்க்கும் இதிற் பங்குண்டு. தம் தெருவில் எரியாத விளக்குகளை எண்ணி எழுதித் தருதல், மழைநீர் தேங்கும் இடங்களைப் படம் வரைந்து காட்டுதல், வீட்டுக் குப்பையை மட்குவது, மட்காதது எனப் பிரித்தல், எழுதத் தெரியாத முதியோர்க்கு முறையீடு எழுதிக் கொடுத்தல் ஆகியன அவர்களால் இயலும் பணிகளாகும். இவற்றால் ஊரும் பயன்பெறும். மாணவரும் ஆட்சி நடக்கும் முறையை நூலிற் கற்பதோடு நேரிலும் கண்டறிவர்.

முற்காலத்தில் மதிலும் கொத்தளமும் பகைவரிடமிருந்து ஊரைக் காத்தன. இக்காலத்து ஊர்ப்பகைகள் குதிரையேறி வருவதில்லை. கசியும் குழாயிலும், தேங்கும் நீரிலும், கலங்கிய காற்றிலும், “எனக்கென்ன” என்னும் எண்ணத்திலும் அவை மறைந்து வருகின்றன. அவற்றைத் தடுக்கக் கற்சுவர் உதவாது. கணக்கில் நேர்மையும், கேட்பதில் உறுதியும், கடைக்கோடி வீட்டையும் மறவாத அன்பும் உடைய மக்கள் கூட்டமே உதவும். ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தின் முனையில் நிற்பவர் கையும் தேரை நகர்த்துகின்றது. அதுபோல, தெருவில் வாழ்வோர் ஒவ்வொருவரும் கைகொடுத்தால் தெருவின் நலம் தானே நிலைபெறும்.